மரம் வெட்டினேன் என்று நான் சொன்னதன் பொருள்

அனுப்புநர்:
சி. ஐயாவு (வயது 71), மலேசியக் குடிமகன்,
வாய்க்கால் தெரு, வடகரைநத்தம்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
வெளிநாட்டினர் பதிவு அலுவலர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: விசாரணை அறிக்கையில் என் தொழில் தவறாக எழுதப்பட்டதைத் திருத்தி, விசாவை நீட்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் தாத்தா அரசப்பன் இதே பாபநாசம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். அதற்குக் காகிதம் இல்லாததால் நான் இங்கே வெளிநாட்டவன். மனைவி பொன்னுத்தாய் இவ்வூரில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தவள், இன்றும் இந்தியக் குடிமகள். இடுப்பு ஒடிந்தபின், இனி பிறந்த ஊரில்தான் இருப்பேன் என்றாள், வந்தோம். நான் பிடிக்காமல் அவளால் எழுந்து உட்கார முடியாது.

2. சிம் கார்டும் சமையல் கேஸ் இணைப்பும் என் பெயரில் கிடையாது. கும்பகோணம் மருத்துவமனைக்குப் போன அன்று, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விடுதியில் அறை இல்லை என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவருக்கு இருந்தது. காலையில் எதிர்ப்படுபவரை "பசியாறிட்டீங்களா" என்று கேட்பது எங்கள் பக்கத்து மரியாதை. எதிர்வீட்டு முருகையனோ, "எங்களப் பாத்தா பட்டினி கெடக்குற மாதிரியா இருக்கு?" என்றார். இவற்றை நான் புகாராக எழுதவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்பது பதிவில் இருக்கட்டும்.

3. ஆவணி மாதம் என் விசா மனு தொடர்பாகக் காவலர் ஒருவர் விசாரிக்க வந்தார். மோர் கொடுத்தோம். பேசியதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"மலேசியாவுல என்ன வேலைங்க பாத்தீங்க?" என்றார்.
"மரம் வெட்டினேன்."
"எவ்வளவு வெட்டுவீங்க?"
"ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம்."
டம்ளரைக் கீழே வைத்தார். "யாரும் புடிக்கலையா?"
"பெரிய தொரை பாத்தா இன்னும் வெட்டச் சொல்வாரு. இருட்டோட போயிடுவோம். பொன்னுத்தாயும் வெட்டுவா."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முருகையன், "ஐந்நூறாம்ல! ஆளப் பாத்தா தெரியுதா சார்?" என்று சிரித்தார்.

4. ஐயா, எங்கள் நாட்டில் மரம் வெட்டுதல் என்றால் ரப்பர் மரத்துப் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுப்பது. மரம் விழாது. மறுநாளும் அதே மரம் அங்கேயே நிற்கும், அதையே வெட்டுவோம். பெரிய தொரை என்றது தோட்ட மேலாளரை, இருட்டோடு போனது வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும் என்பதால். அவர் தமிழில்தான் கேட்டார், நானும் தமிழில்தான் சொன்னேன். அறிக்கையில் "பெருமளவில் மரங்களை வெட்டியவர், மனைவியும் உடந்தை" என்று இருப்பது தங்கள் அலுவலகத்தில் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே முருகையன், "மரவெட்டி ஐயா, விசா வராதாமே" என்று தெருவில் வைத்துக் கேட்டுவிட்டார். அவருக்கு யார் சொன்னது?

5. அறிக்கை போன சில நாளில் வாய்க்கால் கரையில் நின்ற வாகை மரம் காணாமல் போனது. ஊரே என் வீட்டைப் பார்க்கிறது. அதை அறுத்தது ரம்பம். என்னிடம் ரம்பம் இல்லை. முருகையன் மாட்டுக்கொட்டகைக்குப் புதுத் தூண்கள் நட்டிருக்கிறார். யார் மேலும் நான் குற்றம் சொல்லவில்லை. அந்தத் தூண் என்ன மரம் என்று ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

6. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். மீதித் தமிழ் நானே கற்றது. மனு எழுதித் தருபவர்களிடம் போகவில்லை. இன்னொருவர் கையில் என் சொல் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று.

7. ஒருமுறை மலேசியா போய்ப் புது விசா வாங்கித் திரும்பி வந்தால் சுலபம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். போனால் பொன்னுத்தாயை எழுப்பி உட்கார வைக்க ஆளில்லை. மேலும், மரம் வெட்டியவன் ஓடிவிட்டான் என்று அதையும் எழுதிவிடுவார்கள். ஆகவே நான் போகப்போவதில்லை.

தங்கள் அலுவலகத்தில் கன்னியாகுமரிப் பக்கத்தவர் எவரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ரப்பர் உண்டு. என் வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்து காட்டியிருப்பேன். வாசலில் ஆயுதம் என்று பிடித்துக்கொள்வார்கள். "மரம் வெட்டியவர்" என்பதை அடித்து "ரப்பர் பால் எடுத்தவர்" என்று எழுதவும், "உடந்தை" என்ற சொல்லை என் மனைவியின் பெயருக்குப் பக்கத்திலிருந்து நீக்கவும், விசா முடியும் முன் நீட்டித்துத் தரவும் வேண்டுகிறேன். பதிலை எழுத்தில் தரவும். வாய்ச்சொல்லை இனி நான் ஏற்பதாயில்லை.

இடம்: வடகரைநத்தம்
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் வெளிநாட்டவராக உள்ள
சி. ஐயாவு

இணைப்பு: நானும் பொன்னுத்தாயும் தோட்டத்தில் எடுத்துக்கொண்ட புகைப்படம். பின்னால் நிற்பவை நாங்கள் வெட்டிய மரங்கள்.