செல்வியின் அருவி

14 செப்டம்பர் 1988, புதன்

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி பாரிசிலிருந்து கொண்டுவந்த கோல்ஃப் விளையாட்டில் மைதானத்தை நாமே வரையலாம். ஆனால் அதில் அருவி கிடையாது. என்னோடு டைப் செய்யும் செல்வி, பாறைகளுக்கு நடுவே நீலக் கட்டங்களைப் படிப்படியாக இறக்கி ஓர் அருவியையே உண்டாக்கியிருந்தாள். ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தது.

இன்று அதை நான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்துவிட்டார். "யார் செஞ்சது இது? நல்லா இருக்கே" என்றார்.

"நான்தான் முசியே" என்று சொல்லிவிட்டேன். அவரை நாங்கள் பிரெஞ்சு வழக்கப்படி அப்படித்தான், 'ஐயா' என்பதுபோல, அழைப்போம். படம் வரையும் புது வேலைக்கு அவர் ஆள் தேடுவது எனக்குத் தெரியும்.

"எங்க, இன்னொன்னு போட்டுக் காட்டு."

எனக்கோ அதைப் போடத் தெரியாது. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த செல்வி அருகில் வந்தாள். "அக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க முசியே. அவங்களுக்குக் கை வலி, நான் போடறேன்" என்று உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டாள். முதலாளி என்னைத்தான் பாராட்டினார்.

சைக்கிளை எடுக்கும்போது, "செல்வி, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுக்கா, மழ வரப்போவுது, கெளம்பு" என்று சாரம் என்கிற தன் பேட்டைப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நாளை முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் எதிரிலேயே சொல்ல வேண்டும். அதுதான் பயமாக இருக்கிறது.