கேட்பதற்காகப் போட்ட சால்வை

அன்பு மச்சான்,

உன் மகள் மலர்க்கொடி வீடு திரும்பிவிட்டாள் என்று மத்திய இணை அமைச்சர் கள்ளக்குறிச்சி மேடையில் சொன்னது பொய். அவள் வரவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு சொன்ன பொய் அது. உனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வெளிநாடு போனவர்களின் குறையைக் கேட்பது அவர் பொறுப்பு என்று கேள்விப்பட்டு நாம் இருவரும் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்ப மறுக்கிறான் என்று மனு கொடுக்கத்தான் போனோம். கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறும் முன் நீ ஒரு சால்வை வாங்கினாய். வேலை முடியட்டும், அப்புறம் போடலாம் என்றேன். “பெரிய மனுசன்கிட்ட கைய வீசிக்கினு போனா நல்லாவா இருக்கும்?” என்றாய்.

கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையால் அவர் தோளில் போர்த்தினாய். “நான் இணை அமைச்சர்தாங்க, எனக்கு மேல இருக்குற பெரிய அமைச்சர்கிட்ட சொல்றேன்” என்று சிரித்தார். படம் எடுத்தார்கள்.

உன் கருமாதி முடிந்த சில வாரத்தில் அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். மகளை மீட்டதற்காகத் தந்தை நன்றி சொல்கிறாராம். மேடையில் அதைப் பேசும்போது மட்டும் அவருக்கு அந்தப் பெரிய அமைச்சர் ஞாபகம் வரவில்லை.

இப்போது என் தங்கச்சி தெருவில் நடந்தால், “பொண்ணு வந்துட்டாளாமே, எங்க ஒளிச்சி வெச்சிக்கினு இருக்க?” என்கிறார்கள்.

அமைச்சர் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் அந்தப் படத்தை என்னிடமே காட்டினார்.

“கேஸு முடிஞ்சிடுச்சே பெரியவரே. இதோ, உங்க ஆளே சால்வ போடுறாரு.”

“அது கேக்குறதுக்குப் போட்டதுங்க.”

“அப்டிலாம் பிரிச்சிப் பாக்க முடியாதுங்க.”

போன வெள்ளிக்கிழமை, முதலாளியம்மா வெளியே போன நேரத்தில் மலர்க்கொடி போன் செய்தாள். யாரோ அனுப்பிய படம் அவள் கண்ணிலும் பட்டிருக்கிறது. “இன்னா மாமா, நான் வூட்டுக்கு வந்துட்டேனாமே? நல்லா சாப்புடுறேனா?” என்று சிரித்தாள். பிறகு, “வந்துட்டவள யாரு மாமா தேடுவாங்க?” என்றாள்.

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

உன்மேல் தப்பில்லை மச்சான். மரியாதை தெரிந்தவன் செய்வதைத்தான் நீ செய்தாய்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். சொன்ன மேடையிலேயே ஏறி, அவள் வரவில்லை என்று இணை அமைச்சர் சொல்ல வேண்டும். மூடிய மனுவை அவர் அலுவலகம் திறக்க வேண்டும். அனுப்பி வைத்த ஏஜெண்ட் அந்த வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டும். தூதரகத்து ஆட்கள் போய்க் கதவைத் தட்டி, பாஸ்போர்ட்டோடு அவளையும் கூட்டி வர வேண்டும். படம் போட்ட பேப்பர் அதே பக்கத்தில் உண்மையைப் போட வேண்டும்.

மீதி என் வேலை. அடுத்த மாதம் அவர் மறுபடி கள்ளக்குறிச்சிக்கு வருகிறார். முன்வரிசையில் போய் நிற்பேன், அவள் பெயரைச் சொல்லிக் கேட்பேன். இந்த முறை கையை வீசிக்கொண்டுதான் போவேன்.

இப்படிக்கு,
உன் மலர்க்கொடியின் தாய்மாமன்