எட்வேட்டுக்கு ஒரு பூசை

தாய்லாந்து
12.02.2023

என் பிரான்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். விமான நிலையத்திலிருந்து எட்டு மணித்தியாலம் ரோட்டால் ஒரு வானில் கூட்டிவந்தார்கள். கொழும்பில் என் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போனது. இங்கே அறையும் சாப்பாடும் கொம்பனி தருகிறது, சாமான் விலையும் குறைவு. அதே புரோகிராம் எழுதுகிற வேலைதான், சம்பளம் மட்டும் மூன்று மடங்கு. போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே கந்தோர்க் கணினியில் இருந்து மின்னஞ்சலாகத்தான் எழுதமுடியும். என் குரல் கேட்கவில்லை என்று கோபிக்காதே.

உன்,
வலன்ரைன்

தலைமன்னார்
04.03.2023

அன்பான உங்களுக்கு,

நாங்கள் சுகம். நான்கு கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கணினி படித்தவரை வேலைக்கு எடுத்துவிட்டு அவருடைய போனைப் பறிக்கிற கந்தோர் உலகத்தில் எங்கே இருக்கிறது? "வெளிநாடு போற ஆம்பிளையள் முதல்ல போனைத்தான் ஒளிப்பினம்" என்று பக்கத்து வீட்டு ஹமீதா சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே நீங்கள் வைத்திருக்கிறவளுடைய பெயரையாவது எழுதுங்கள், தெரிந்துகொண்டு இருக்கிறேன்.

தம்பி எட்வேட் மன்னார் ரவுனில் கணினிப் படிப்பை முடித்துவிட்டான். "அத்தான் எனக்கு ஏதும் வேலை பாத்தவரோ?" என்று நாளுக்கு நாலு தரம் கேட்கிறான்.

கோபத்துடன்,
பிரான்சிஸ்கா

தாய்லாந்து
19.03.2023

என் பிரான்சிக்கு,

சத்தியமாக ஒருத்தியும் இல்லை. எட்வேட்டுக்கு இங்கே வேலை இருக்கிறது. பரீட்சையும் இல்லை, நேர்முகமும் இல்லை. ரிக்கெற்றைக் கொம்பனியே எடுக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் அவன் வரவேண்டும் என்று மனேஜர் விரும்புகிறார்.

ஒரே ஒரு காரியம். அவன் வெளிக்கிட முன் பங்குச் சுவாமியிடம் போ. அப்பாவுக்கு ஒப்புக்கொடுத்தோமே, முப்பத்தோராம் நாள் பூசை, அதையே எட்வேட்டுக்கும் ஒப்புக்கொடு. அந்தப் பூசை கொடுக்காமல் அவனை அனுப்பாதே. மறந்துவிடாதே, பிரான்சி.

உன்,
வலன்ரைன்

தலைமன்னார்
21.03.2023

உங்களுக்கு,

நீங்கள் எழுதியதை நம்பிச் சுவாமியிடம் போனேன். "என்ன பிள்ளை, உயிரோட இருக்கிற பெடியனுக்கு முப்பத்தோராம் நாள் பூசையோ?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வெட்கத்தில் நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அது செத்தவர்களுக்குக் கொடுக்கிற பூசை. மாமா செத்து முப்பத்தோராம் நாள் கொடுத்தோம். பயணத்துக்குக் கொடுக்கிற பூசை வேறு என்று முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்கே தெரியும். பதினாறு வயதுவரை பீடத்தில் உதவி செய்த உங்களுக்கு அது மறந்துபோகும் அளவுக்குப் புத்தியை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்?

எட்வேட் ஏப்ரல் இரண்டாந் திகதி வெளிக்கிடுகிறான். "வடிவாப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லடா" என்று சொல்லியிருக்கிறேன். அவன் கண்ணுக்கு நீங்கள் ஒன்றும் ஒளிக்கமுடியாது.

பிரான்சிஸ்கா

தாய்லாந்து
22.03.2023

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூசை பற்றி எழுதியது என் தவறு. மன்னித்துவிடு. எந்தப் பூசையும் தேவையில்லை. நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன். எட்வேட்டின் விமான டிக்கெட் இத்துடன் உள்ளது. அவன் கண்டிப்பாக வரவேண்டும். விமான நிலையத்தில் எங்கள் ஆள் நிற்பார். இனிக் கேள்விகள் வேண்டாம்.

வலன்ரைன்

தலைமன்னார்
24.03.2023

என் வலன்ரைனுக்கு,

கடைசியாக வந்தது உங்கள் கடிதம் இல்லை. கலியாணம் முடித்து ஒன்பது வருடத்தில் ஒருநாளாவது தவறு என்று ஒத்துக்கொண்டீர்களா? மன்னிப்பைக் கண்டதும், பூசை கேட்ட கடிதத்தை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். வந்தால் அவன் சாவான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் விளங்கும் என்று நம்பி எழுதினீர்கள். நான் அதன் அர்த்தத்தைப் பிரித்துப் பிரித்து, உங்களை அங்கே பிடித்துவைத்து எங்கள் கடிதங்களை வாசிக்கிறவனுக்கே சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண்ணைத் தேடித்தேடி என் கண் அவிந்துபோயிருந்தது. உங்களை நானே காட்டிக்கொடுத்தேன்.

இனி இதை வாசிக்கிறவருக்கு எழுதுகிறேன். தம்பி, உங்களுக்குத் தமிழ் தெரிகிறது. எங்கோ ஒரு வீட்டில் உங்களையும் யாராவது எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்வேட் வரமாட்டான். அவனுடைய பாஸ்போட் இப்போது சுவாமியின் அலுமாரிக்குள் இருக்கிறது. இதை எழுதினால் என் புருசனை இன்னும் என்ன செய்வீர்களோ என்று எனக்குப் பயம். எழுதாமல் விட்டால், இரண்டாந் திகதிக்குப் பிறகு ஒவ்வொரு வான் வந்து நிற்கும்போதும், இறங்குவது எட்வேட்டோ என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதை என்னால் தாங்கமுடியாது.

எனக்குப் பதில் போடவேண்டாம். அவர் இருக்கிற இடத்துக்குப் போய், பிரான்சிக்கு விளங்கிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

பிரான்சிஸ்கா