முன் வீட்டுப் பதில்

புதன்கிழமை, காலை 10.20
கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். அக்காவும் குட்டியும் நலமாக இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நலம் விசாரித்து நீட்ட நேரமில்லை. மலைக்கு வரும் பஸ் நான்கு மணிக்குக் கிளம்புகிறது, ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். சனிக்கிழமையிலிருந்து உங்களைப் பதினான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கவில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் கோபித்துக்கொள்ள இது நேரமில்லை.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. மன்னிப்பு கேட்பதற்காக இப்படி எழுதவில்லை. தப்பு என்பதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது.

குட்டியின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இனம், மொழி இரண்டுக்கும் 047 என்ற குறியீட்டு எண்ணே அச்சடித்து வந்திருந்ததையும், நீங்கள் அதை அடித்துவிட்டு உங்கள் மக்களின் சொந்தப் பெயரைப் பேனாவால் எழுதியதையும், வரைவுப் பட்டியலில் இல்லாததை ஏற்க முடியாது என்று தலைமையாசிரியர் திருப்பிக் கொடுத்ததையும் அக்கா சொன்னாள். அன்றைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் என்ன சொன்னேன்? "அத்தான், மலையில ரெண்டாயிரத்து முன்னூறு வீடு. அதுல நானூத்திப் பன்னெண்டு வீடுதான் நீங்க சொல்ற பேரைச் சொல்லியிருக்கு. மிச்சம் எல்லாம் 047. ஐந்நூறு வீட்டுக்குக் கீழே இருந்தா பெரிய பேரோட சேர்த்துடணும், அதுதான் விதி. டேட்டா பொய் சொல்லாது" என்றேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

047 எந்தச் சொல் என்பதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். எங்கள் தெருவில் குளிக்காத பிள்ளையைத் திட்டும் சொல் அது. உங்கள் கல்யாணத்தன்று எங்கள் அம்மா அதே சொல்லைப் போட்டு, "மாப்பிள்ளையைப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல" என்று உங்கள் அம்மாவிடமே பெருமையாகச் சொன்னாள். உங்கள் அம்மா சிரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். பழைய கோப்பில் அந்தச் சொல்தான் இருந்தது, அதையே தூக்கிக் கணினியில் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

இருங்கள், இயக்குநர் கூப்பிடுகிறார்.

மணி 12.05

திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் கணக்கு.

உங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் வந்தேன். கணக்கெடுப்பாளர் டேப்லெட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி ஆனது என்பது பதிவாகும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நான் திறந்தேன். 047 என்று பதிவான வீடுகள் 1,888. அதில் 1,861 வீடுகளில் இனம், மொழி இரண்டுக்கும் சேர்த்து ஆன நேரம் பூஜ்யம். ஒரு நொடி கூட இல்லை, அத்தான். கேள்வியை வாயால் சொல்லவே நான்கு நொடி ஆகும்.

ஏன் பூஜ்யம்? "முன் வீட்டுப் பதிலையே போடு" என்று ஒரு பட்டன் இருக்கிறது. மலைக்குக் கீழே தெருக்களில் வரிசையாக முப்பது வீடு ஒரே பதில் சொல்லும். விரல் வலிக்கிறது என்று கணக்கெடுப்பாளர்கள் புலம்பினார்கள். வேலை வேகமாக முடியட்டும் என்று ஒரே மத்தியானத்தில் அந்தப் பட்டனைச் செய்து கொடுத்தேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள். கீழேயிருந்து மேலே வந்தவர்கள் முதல் வீட்டில் தங்களுக்குத் தெரிந்த சொல்லைப் போட்டார்கள். அதன்பிறகு எந்த வீட்டிலும் கேட்கவில்லை. பட்டன் இருக்கும்போது யார் கேட்பார்கள்?

மீதி 27 வீடுகளில் 047 என்பதைக் கையால்தான் பதிந்திருக்கிறார்கள். அந்த 27 பேர் உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை, என் குறிப்பில் இருக்கிறது.

உங்கள் மக்களின் பெயரைச் சொன்ன 412 வீடுகளையும் எடுத்தவர் ஒரே கணக்கெடுப்பாளர். நீங்கள். நீங்கள் போன ஒரு வீட்டில்கூட பட்டன் அழுத்தப்படவில்லை. சராசரி நேரம் ஐம்பத்தொரு நொடி. ஒரு வீட்டில் ஆறு நிமிடம்! அந்த வீட்டில் என்னதான் பேசினீர்கள் என்று ஒருநாள் கேட்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் நாளுக்கு நாற்பது வீடு முடிக்கும்போது நீங்கள் பதினொன்று முடித்தீர்கள். வேகவாரியாகப் பட்டியல் போட்டு உங்கள் பெயரைக் கடைசியில் வைத்தது நான். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உங்களுக்கு மெமோ கொடுத்து, பாதியில் எடுத்துவிட்டு, மீதி வீடுகளைக் கீழேயிருந்து வந்த ஆட்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது, "என்ன அத்தான், வீட்டுக்கு வீடு சாப்பிட்டுட்டுத்தான் வருவீங்களா?" என்று கிண்டல் வேறு அடித்தேன். "கேள்வின்னு ஒண்ணு கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்ல மச்சான்" என்றீர்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இயக்குநர் விஷயம். நொடிக் கணக்கை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், திரும்பத் துடைத்தார். "தம்பி, இந்த நானூத்திச் சொச்சமும் உன் அத்தான் எழுதினதுதானே? அவரும் அந்த ஆளுங்கதானே? அவரே சொல்லிக் கொடுத்து எழுதியிருந்தா? குடும்ப சமாச்சாரத்த ஆபீசுக்குள்ள இழுக்காத" என்றார். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கடைசியில் ஒன்று ஒப்புக்கொண்டார். வீட்டு வாசலில் அவரவரே சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, இன, மொழிப் பட்டியலை முடிவு செய்யும் குழுவின் முன்னால் வைக்கலாம். குழு நினைத்தால் மலை முழுவதையும் மறுபடி கேட்க உத்தரவு போடும். இல்லாவிட்டால் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போய்விடும். பத்து வருடத்துக்கு யாரும் தொட முடியாது. பட்டியலில் இல்லாத மொழியில் பாடம் நடத்தக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் நீங்கள் உங்கள் பேச்சில் சொல்லிக் கொடுப்பது இந்த வருடத்தோடு சரி. குட்டி உங்களிடம் படிக்க மாட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். உங்களிடம் அந்தக் கோடு போட்ட நோட்டு இருக்கிறதா? டேப்லெட்டில் பதியும் முன் ஒவ்வொரு வீட்டிலும் பென்சிலால் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவீர்களே, அந்த நோட்டு. "கையில டேப்லெட் இருக்கும்போது நோட்டு எதுக்கு?" என்று நான் கேட்ட நோட்டு. தூக்கி எறிந்திருந்தால், அடுப்பில் போட்டிருந்தால், அதையாவது அக்காவை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். இப்படி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

மணி 3.10

பக்கத்து இருக்கை அக்கா இப்போதுதான் வந்து, "பட்டன் நீ செஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டியாமே? உனக்கு வேலை நிரந்தரம் ஆக இன்னும் ஆறு வாரம் இருக்கு. வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல, லூசு" என்று தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். ஆமாம், கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். பட்டன், வேகப் பட்டியல், உங்கள் பெயரை 047-ஓடு சேர்க்கச் சொன்ன பரிந்துரை எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கும்போது வேறு யார் எழுதிக் கொடுப்பது? வீட்டில் நம் அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் சொல்லிவிடுவாள், அம்மா ஒப்பாரி வைப்பாள்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டு இருந்தும் நீங்கள் வரமாட்டீர்களோ என்று. இவ்வளவு நாள் இவர்கள் கேட்கவில்லை, இப்போது நான் ஏன் ஆதாரம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. உங்கள் மக்கள் யாரென்று உங்கள் மக்களே எங்களிடம் நிரூபிக்க வேண்டியிருப்பது அசிங்கம். செய்தது நாங்கள், அலைவது நீங்கள். ஆனாலும் வாருங்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் ஒன்பதரைக்கு வரும். நான் எட்டு மணிக்கே நிலையத்தில் நிற்பேன். என்னோடு பேச வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டே நடங்கள், நான் பின்னால் வருகிறேன். குழுவில் ஐந்து பேர் இருப்பார்கள். நீங்கள் யார், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் சரி. நான் குறுக்கே பேச மாட்டேன்.

குட்டிக்கு என் முத்தம். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அன்றைக்குச் சிரித்ததற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொல்லுங்கள்.

வருவீர்கள் என்று நம்பும்,
உங்கள் மச்சான்