மீட்டிங்கில் கிடைத்த பங்காளி

கணபதி, கோவை
12.10.1996

அன்பு நந்திதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், பூனா குளிரில் வந்த உன் இருமலும் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பா மீட்டிங்குக்குப் போகிறாரா, ஒரு வரியாவது எழுது என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் இத்தனை தாமதம். குடிக்கவில்லை, ஆனால் இரண்டு வியாழக்கிழமையாக மீட்டிங்குக்குப் போகவில்லை. காரணம் தெரிந்தால் நீ சிரிப்பாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு உனக்குப் பாதிதான் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த விலாசத்தில் பூட்டு, அங்கிருந்து காலி செய்து ஒரு வருஷமாம். அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்றால், குடியை விட நினைக்கிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று நடுரோட்டில் யாரைக் கேட்பது? உன் அப்பா ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே, 'அவீகளே குடிக்கப் போயிட்டாங்களாட்ட இருக்குது' என்று கிண்டல் வேறு. கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ரெபேக்கா விசாரித்துச் சொன்னாள், வியாழன் ஆறரை மணி, சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை. அந்தச் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஏழு வாரம் உட்கார்ந்தார் கண்ணு. பக்கத்து அறையில் வீட்டுக்காரிகளுக்கு ஒரு மீட்டிங், நான் அதில். அந்த ஏழு வாரமும் நம் வீட்டில் ஒரு பாத்திரம் உருளவில்லை.

பெயரைத் தவிர ஊர், தொழில் எதையும் கேட்க வேண்டாம், அங்கே பார்த்தவர்களை வெளியே காட்டிக்கொள்ள வேண்டாம் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார்கள். நம் ஆட்களால் முடியுமா? எட்டாவது வாரம் டீ குடிக்கும்போது உன் அப்பா, பக்கத்தில் இருந்த நஞ்சப்பன் என்பவரிடம், சும்மா நிற்பது மரியாதையில்லை என்று, 'ஏனுங்க, உங்களுக்கு எந்தூருங்க, குலதெய்வம் எந்தக் கோயிலுங்க' என்று கேட்டிருக்கிறார். அவர் தாராபுரம் பக்கம், கோயிலும் நம் கோயிலே. 'அட, அப்ப நாம பங்காளிங்கல்ல' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பங்காளி என்று தெரிந்த பிறகு நஞ்சப்பன் முறை செய்யாமல் விடுவாரா, அந்த ஞாயிறே கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் உன் பெரியப்பா. எப்படிப் பழக்கம் என்று அவர் கேட்கவும், உன் அப்பா 'லேத்துப் பட்டறைக்கு வந்தாருங்ண்ணா' என்கிறார், அதே நேரத்தில் நஞ்சப்பன் 'பஸ்ஸுல பழக்கமுங்க' என்கிறார். பெரியப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். அன்றைக்கு உன் அப்பாவுக்குப் பயம் பிடித்தது. கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்காரும்போது நஞ்சப்பன் வாய் தவறிச் சொல்லிவிட்டால், 'பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற நேரத்துல எனக்கு இது தேவையா' என்று உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் ஒயின்ஷாப் வாசலில் ஸ்கூட்டர் நின்றதை எந்தப் பங்காளியும் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

அப்பாவை வற்புறுத்தாதே, தானாக மனசு வரட்டும் என்று நீ புத்தி எழுதியிருக்கிறாய். உன் வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.எஸ்சி. பரீட்சை எழுதியவள் நான், மனசு வரட்டும் என்று அன்றிலிருந்து காத்துத்தான் பார்த்தேன். போன ஞாயிறு கறி எடுக்கப் போனவர் வர இரண்டு மணி நேரம் ஆனது. பையை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் நான் மோந்ததை அவர் பார்த்துவிட்டார். மத்தியானம் முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருந்தார். இப்படியே இன்னும் எத்தனை நாள் தாங்குவாரோ, பயமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் நான் மட்டும் போனேன். எப்போதும் பக்கத்தில் உட்காரும் ராசம்மாளும் தனியாக வந்திருந்தார். 'எங்கூட்டுக்காரரு வரமாட்டேங்கறாருங்க, பங்காளி ஒருத்தரு இங்க இருக்காராமா, வெளிய சொல்லிப்போட்டா மானம் போயிருமாமா' என்றார். விசாரித்தால், அவர்தான் நஞ்சப்பன் வீட்டுக்காரி. இரண்டு மாதம் ஒட்டி உட்கார்ந்தும் நாங்கள் இருவரும் ஊர் கேட்டதில்லை பார். ஒருத்தருக்குப் பயந்து ஒருத்தர் வீட்டில் கிடக்கிறார்கள். கோபத்தில் இரண்டு பேருமாக ஒரு வேலை செய்துவிட்டோம். உங்கள் பங்காளி மீட்டிங்கை மாற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போகிறாராம் என்று நான் இவரிடம் சொன்னேன், அவர் தன் வீட்டுக்காரரிடம் அதையே சொல்லியிருக்கிறார். இவர் 'நெசமாவா' என்று இரண்டு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ரூமுக்கு ஃபேன் மாட்டிவிட்டார்களா என்றும் கேட்டார். வருகிற வியாழன் இருவரும் வாசலில் முகத்துக்கு முகம் பார்த்தால் உள்ளே போவார்களோ, திரும்பி நடப்பார்களோ, எனக்குத் தெரியாது. பொய் சொன்னதற்கு நீ அப்புறம் திட்டிக்கொள்.

சளியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, ராத்திரி மெஸ் சாப்பாட்டை விடாதே. நீ நினைத்தது நடந்து நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. இந்தக் கடிதம் புதனுக்குள் வந்துவிடும். மறக்காமல் வியாழன் ஏழு மணிக்கு, மீட்டிங் நேரத்தில், எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போடு. அப்பா எடுத்தால் எதுவும் கேட்காதே, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடு. மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்கவில்லை என்றால், உனக்குக் காசும் ஆகாது, நிம்மதியாகப் போய்ப் படி.

உன் அம்மா,
வசந்தாமணி