கேட்டால்தான் துடக்கு

6 ஜூலை, ஞாயிறு

எழும்பினவுடன் தலைக்கு முழுகினேன். மருமகளின் தலையில் பாலறுகு வைக்கிற மாமி முழுகாமல் போகலாமா? அண்ணையின் மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்கு இன்று லண்டன் ஹரோவில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு. மோர்டனில் காரில் ஏறும்போதே கேதீஸ் என் போனை வாங்கித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். "இண்டைக்கு ஒரு நாளைக்கு இதை விடும். வீடியோவிலை முழுக்கக் குனிஞ்சபடி நிப்பீர்." கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இப்படியும் ஓர் அக்கறையா என்று சிரிப்பு வந்தது.

முதல் ஆலாத்தி நான்தான் எடுத்தேன். "மருமகளைவிட மாமியெல்லே மினுங்கிறா!" என்றாள் தவமலர் அண்ணியின் தங்கை. அண்ணை மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. களைப்பாக்கும்.

7 ஜூலை

ஐயா இல்லை.

8 ஜூலை

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று அனோஜினி போன் எடுத்தாள். சின்னம்மாவின் மகள், ஊரில் எங்களைப் பெற்ற ஐயாவைப் பார்த்துக்கொண்டவள். "அக்கா, முகம் பாக்க வீடியோவிலை எண்டாலும் வருவியள் எண்டு கடைசிமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

ஆருடைய முகம் என்று கேட்டேன்.

ஐயாவுக்கு வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கிறது. அண்ணைக்கு அன்றே சொல்லிவிட்டாளாம். ஞாயிறு பிரேதம் எடுத்திருக்கிறார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கமராவுக்குச் சிரித்த நேரம். கொள்ளி வைத்தது அனோஜினியின் தம்பி கிருசாந்தன்.

அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"மண்டபம், ஐயர், சனம், எல்லாம் சொல்லியாச்சு. நீ மாமி, உனக்குச் செத்தவீட்டுத் துடக்கு எண்டால் ஆர் பாலறுகு வைக்கிறது? சேதி காதிலை கேட்டால்தான் துடக்கு, தெரியுந்தானே. எனக்கும் ஞாயிறு பின்னேரம்தான் சொன்னவை எண்டு வைச்சுக்கொள்."

வைச்சுக்கொள்ளட்டாம்!

"தெரிஞ்சுகொண்டெல்லே அண்ணை வாசலிலை பன்னீர் தெளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"அழுகையை நிப்பாட்டிப்போட்டு முதல் முழுகு" என்றார்.

9 ஜூலை

கேதீஸுக்கும் வெள்ளியே தெரியும். "உமக்குத் தாங்க ஏலாது எண்டுதான்..." போனை வாங்கியது அதற்குத்தான். அதை அன்பு என்று எடுத்தேனே, எனக்கு என்ன மூளை?

ஜதுர்ஷிகா மட்டும் அழுதுகொண்டு போன் எடுத்தாள். "மாமி, ஐ டிடின்ட் நோ. ப்ராமிஸ்." அவளை நம்புகிறேன். அவளை மட்டும்.

12 ஜூலை

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அண்ணை போகிறாராம், கீரிமலைக் கடலில் சாம்பல் கரைக்க. நான் இங்கே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தால் போதுமாம். "உன்ரை கேஸ் அப்பிடி. கொழும்பு எயார்போட்டிலையே மறிச்சுப்போடுவாங்கள்."

அகதியாக வந்து இறங்கிய நாள்முதல் இதே வசனம். பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்த பிறகும் இதே வசனம். அவர் இரண்டு தரம் போய் வந்துவிட்டார். போனில் ஐயாவும், "அண்ணை சொல்லுறதைக் கேள் பிள்ளை" என்பார். கேட்டேன். பத்தொன்பது வருடம் கேட்டேன்.

அந்தப் பயம் என்னுடையதுதானா? அல்லது அதையும் அவர் தன் வசதிக்கு வைத்திருந்தாரா?

15 ஜூலை

என் அகதிக் கேஸைப் பார்த்த லோயர் அம்மாவை வேலை இடைவேளையில் போனில் கூப்பிட்டு, ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஒண்டும் நடக்காது எண்டு நான் எழுதித் தரமாட்டன். ஆனால் உம்மை மாதிரி எத்தினையோ பேர் இப்ப போய் வருகினம். ஆர் ஏலாது எண்டு சொன்னது?"

அண்ணை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆரோ சொன்னவை என்றேன்.

18 ஜூலை

சாம்பல் கரைப்பது ஆண்பிள்ளையின் வேலை என்பார்கள். கொள்ளிக்கு வராத ஆண்பிள்ளை! பெண்டுகள் கடலில் இறங்கினால் ஐயர் முறைப்பார். முறைக்கட்டும்.

அண்ணைக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய் இறங்குவேன். சாம்பல் வைத்த முட்டியை நான் வாங்கிக்கொள்வேன். கையில் ஏந்தி, நானே கரைப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. அதோடேயே போறன்.

கேதீஸ் கீழே இருந்து, "தேத்தண்ணி போடுறன், உமக்கும் போடட்டோ?" என்கிறார்.

ஓம் என்றேன். நான் போகிற கதையை அவருக்குச் சொல்லவில்லை.