அம்மாவுக்குக் கொடுத்த தண்ணீர்

சிவகாசி,
5-8-1963

செல்வி பொன்னுத்தங்கத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். தீபாவளிப் பட்டாசு ஆர்டர் குவிந்து கிடக்கிறது. சீசன் முடியும்வரை கம்பெனியை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாது.

உன் கடிதம் படித்துத் திகைத்துப் போனேன். பௌதிகம் படிக்கத்தானே பம்பாய்க்கு அனுப்பினேன்? அங்கே உன் ரத்தத்தையே ஊசியால் எடுத்து ஆராய்கிறாயாமே. உன் அத்தை பத்திரகாளி, "பிள்ளைய உடனே கூப்பிட்டுக்கோலே" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். தீபாவளிக்கு வந்தால் இங்கேயே இருந்துவிடு.

வெள்ளைத்துரை


பம்பாய்,
21-8-1963

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

ரத்தம் இரண்டு சொட்டுதான், பயப்படாதீர்கள். எங்கள் பேராசிரியர் பழக்குகிற விதம் அப்படி. பௌதிகக்காரர்கள் உயிரணுவைக் கையாளப் பழக வேண்டும். உயிரியல்காரர்கள் எங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். என் ரத்த அணுக்களை வெறும் தண்ணீரில் விட்டேன், உப்பி வெடித்தன. அளவாக உப்புப் போட்ட தண்ணீரில் அப்படியே இருந்தன. அவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் எங்கள் பாடம். சிவகாசிக்காரிக்கு வெடிப்பது புதிதா என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள்.

நேற்று தீக்காய வார்டு டாக்டர் ஒருவர் பாடம் எடுத்தார். தீப்பட்ட உடம்பில் ரத்தக் குழாய்களிலிருந்து நீரும் உப்பும் கசிந்துபோகும், தாகம் அதனால்தான், கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டும் என்றார். தீப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்பார்களே எங்கள் ஊரில், ஒன்பது வயதுப் பிள்ளை தெரியாமல் ஒரு டம்ளர் கொடுத்திருந்தால் என்று எழுந்து கேட்டேன். அந்த ஒரு டம்ளரால் யாரும் சாகமாட்டார்கள், கொடுக்காமல் விடுவதுதான் தப்பு என்றார்.

அப்பா, வெடிமருந்துக் கொட்டகை தீப்பற்றியபோது அம்மா செத்தது என்னால் இல்லை. அன்றிலிருந்து நீங்கள் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

தங்கள் மகள்,
பொன்னுத்தங்கம்


சிவகாசி,
9-9-1963

என் மகளுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். அப்புறம் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எதுவும் நினைவில்லை. நம்ப முடியாமல் விருதுநகர் போய் ஒரு டாக்டரிடம் விசாரித்தேன். அவரும் அதையேதான் சொன்னார். பஸ் ஏறத் தோன்றாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு மடக்குத் தண்ணி குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று உன் அம்மா பொழுதெல்லாம் கெஞ்சினாள். யாரும் கொடுக்கக் கூடாது என்று வாசலை மறித்து நின்றவன் நான். நீ பின்வாசல் வழியாகப் போய்க் கொடுத்தாய். அவள் கேட்டதைக் கொடுத்தவள் நீ ஒருத்திதானம்மா. உன்னைப் போய் இத்தனை வருஷம் ஒதுக்கி வைத்தேனே. கம்பெனியில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படி மறுத்தேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

நீ அங்கேயே இருந்து படி. சீசன் நடக்கிறபடி நடக்கட்டும். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து ரயில் ஏறி ஞாயிறன்று பம்பாய் வருகிறேன். பிரயாணத்துக்கு என்று அத்தை கூஜாவைத் துலக்கி வைத்திருக்கிறாள். நான் அதை எடுத்து வரப்போவதில்லை. ஸ்டேஷனுக்கு வரும்போது நீ ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா.

அப்பா